எண்ணிக்கை கூடினால் படம் தெளியுமா?

பெருநாள் நெருங்கும் நாட்களில் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துக் கைப்பேசிக் கடைகளிலும், ஆவடிக் கடைத்தெருவிலும், பூந்தமல்லி டிரங்க் சாலையிலும் மாலை நேரத்தில் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். தந்தை விலையைக் கேட்பார். தாய், ‘நீடித்து உழைக்குமா?’ என்று கேட்பார். உடன் வந்த பிள்ளையோ, “கேமரா எத்தனை எம்.பி.?” என்று கேட்பான். ஐம்பது, அறுபத்து நான்கு, நூற்றெட்டு, இருநூறு என்று கடைக்காரரிடமிருந்து விடை எண்ணாகவே வரும். எண் ஏற ஏறப் பிள்ளையின் முகம் மலரும். தந்தையின் முகம் வாடும். ஏனெனில், எண்ணோடு சேர்ந்து விலையும் ஏறுகிறதல்லவா!

நம் மஹல்லாவில் பலரும் இதே கேள்வியை என்னிடம் கொண்டு வருகின்றனர். “ஹஜ்ரத், ஐம்பது போதுமா, நூற்றெட்டு வாங்கட்டுமா?” என்று கேட்ட ஒரு சகோதரர், அந்த வேறுபாட்டுக்காக ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தார். நடுத்தரக் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் என்பது ஒரு மாத மளிகைச் செலவுக்கு நிகரான தொகை. அத்தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது. நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். கணக்கில் பெரும் புலமை உடையவன் அல்லன். ஆயினும், இந்தக் கணக்கு பெருக்கல் வாய்பாட்டுக்கு மேல் போவதில்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் பேச்சு வழக்கில் ‘எம்.பி.’ என்ற ஒரே ஒலிக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. கேமராவைப் பற்றிச் சொல்லும்போது அது மெகாபிக்ஸல். படம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதன் எண்ணிக்கை. படத்தை அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் சொல்லும் எம்.பி. மெகாபைட், அது கைப்பேசியில் அப்படம் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டு வாங்கியவர்களும் உண்டு.

புள்ளியும் பாயும்

மெகா என்றால் பத்து லட்சம். நீளவாட்டில் 4000 புள்ளிகளும் அகலவாட்டில் 3000 புள்ளிகளும் கொண்ட படத்தில் மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் இருக்கும். அதுவே 12 மெகாபிக்ஸல். இங்கேயே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. 12 என்பது 48 ஆனால் படம் நான்கு மடங்கு நுணுக்கமாகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. நீளத்தில் இரு மடங்கு, அகலத்தில் இரு மடங்கு, அவ்வளவுதான். 108 என்ற எண் 12-ஐப் போல ஒன்பது மடங்கு எனினும், ஒரு கோட்டின் வழியே அளந்தால் மூன்று மடங்கே.

அந்த மூன்று மடங்காவது முழுமையாகக் கிடைக்குமா? திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் நம் லெப்பைமார் குடும்பங்கள் நெய்யும் கோரைப் பாயை நினைத்துப் பாருங்கள். தறியில் பாவு நூலை எவ்வளவு நெருக்கமாக இழுக்கிறார்களோ அவ்வளவு நயமான பாயை நெய்ய இயலும். ஆனால், கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, அந்த நெருக்கத்துக்கு ஏற்ற மெல்லிய இழைகளாகக் கிழித்திருக்க வேண்டும். தடித்த கோரையைக் கையில் வைத்துக்கொண்டு நூலை மட்டும் நெருக்கினால் பட்டுப் பாய் வராது, நூல்தான் வீணாகும். கேமராவில் புள்ளிகள் பாவு நூலைப் போன்றவை. லென்ஸ் கொண்டுவந்து கொடுக்கும் ஒளியோ கோரையைப் போன்றது. விளம்பரம் நூலின் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. கோரையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்தப் புள்ளிக் கணக்கு தொடங்கிய கதை சுவையானது. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்னும் இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது எடுத்த படத்தில் நூற்றுக்கு நூறு என்ற கணக்கில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன, அதாவது 0.01 மெகாபிக்ஸல். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. தன் வீட்டிலேயே பிறந்த அக்குழந்தையைப் போற்றி வளர்க்காத கோடாக் நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நம் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை மூடுவதற்கும் 2014-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஃபிலிமின் காலம் முடிந்தது. எண்ணின் காலம் பிறந்தது.

தொடக்கத்தில் அந்த எண்ணுக்கு உண்மையாகவே மதிப்பு இருந்தது என்பதை மறுக்கலாகாது. 2003-இல் வெளிவந்த நோக்கியா 6600 கைப்பேசியின் கேமரா 640-க்கு 480. மூன்று லட்சம் புள்ளிகள் மட்டுமே. அதில் எடுத்த குழந்தையின் முகத்தைத் தாளில் அச்சிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கிருந்து 2-க்கும், 5-க்கும், 8-க்கும் ஏறிய ஒவ்வொரு படியிலும் கண்ணுக்குப் புலனாகும் முன்னேற்றம் இருந்தது. அந்நாளில் ‘எத்தனை எம்.பி.?’ என்பது அறிவார்ந்த கேள்வி. விடை போதுமான அளவை எட்டிய பின்பும் கேள்வி மட்டும் மாறாமல் நிற்பதே இன்றைய இக்கட்டு.

எவ்வளவு போதும்?

போதுமான அளவு என்பது எது? நாம் எடுக்கும் படங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கையில் பிடித்துப் பார்க்கும் தாள் படத்தில் ஓரங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு அவை தனித்தனியே தெரிவதில்லை. ஸ்டூடியோக்காரர்கள் மேக்ஸி என்று அழைக்கும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு இந்தக் கணக்கில் தேவைப்படுவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். 2 மெகாபிக்ஸலுக்குச் சற்றே கூடுதல். சட்டமிட்டு மாட்டும் 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 72 லட்சம். திருமண வீடுகளில் இன்று பரவியுள்ள கரிஸ்மா ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம் என்று கொண்டால், உச்சத் தரத்துக்கு ஒரு கோடியே 94 லட்சம் வேண்டும். ஆனால், மடியில் விரித்து வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு ஓரங்குலத்துக்கு 200 போதும். அவ்வாறெனில் 86 லட்சத்தில் காரியம் முடிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைக்கு இன்னும் குறைவான நெருக்கமே போதும். அதை ஓர் அடி தூரத்தில் நின்று உற்று நோக்குபவர் எவருமிலர்.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஃபுல் எச்.டி. எனப்படுவது 1920-க்கு 1080. ஏறத்தாழ 21 லட்சம் புள்ளிகள். 4கே தொலைக்காட்சிக்கே 83 லட்சம்தான். திரையரங்குக்குச் செல்லும் வழக்கம் நம் வாசகர்களில் பலருக்கு இல்லை. ஆயினும் கணக்குக்காகச் சொல்கிறேன். 2கே என்று குறிக்கப்படும் திரையரங்க ஒளிபரப்புக் கருவி, சுவரளவு திரையில் வீசுவது 2048-க்கு 1080 புள்ளிகள், 22 லட்சம் மட்டுமே. அத்தனை பேர் அமர்ந்து பார்க்கும் திரைக்கு 22 லட்சம் போதுமானால், உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடித் திரைக்கு இருபது கோடி எதற்கு?

வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் அச்செயலி வழக்கமாகப் படத்தின் அளவைச் சுருக்கியே அனுப்புகிறது. கூடுதல் தெளிவுடன் அனுப்பும் எச்.டி. வசதி 2023-இல்தான் அதில் சேர்க்கப்பட்டது. அதிலும் முழு அளவு செல்வதில்லை. விண்ணப்பங்களின் நிலையோ இன்னும் வேடிக்கை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணைய விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள் இருத்தல் வேண்டும். நூற்றெட்டு மெகாபிக்ஸலில் முழுமையாக எடுத்த ஒரு படமோ இருபது மெகாபைட்டைத் தாண்டிவிடக்கூடும். பிள்ளை பெருமையுடன் எடுத்த படத்தைக் கணினி மையத்தில் காசு கொடுத்து நானூறில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொண்டு வருகிறோம்.

இன்னும் ஐயம் தெளியாதவர்கள் வானை நோக்கட்டும். ஹப்பிள் விண்தொலைநோக்கி 1995-இல் எடுத்த, ‘படைப்பின் தூண்கள்’ என்று உலகெங்கும் பரவிய அந்த விண்முகில் படத்தை நம் பிள்ளைகளில் பலர் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் கண்டிருப்பர். அதை எடுத்த கேமராவில் 800-க்கு 800 புள்ளிகள் கொண்ட நான்கு தகடுகள் இருந்தன. மொத்தம் 25 லட்சத்து 60 ஆயிரம். 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் முதன்மைக் கேமராக்களும் 2 மெகாபிக்ஸல் வகையினவே.

இப்னுல் ஹைதமின் இருட்டறை

அப்படியானால் நல்ல படத்தை நிர்ணயிப்பது எது? ஒளிதான், ஒளியை எவ்வளவு சேகரிக்கிறோம் என்பதுதான். இதற்கு ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பஸராவில் 965-இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றினார். கிரகணத்தின் வடிவம் குறித்து அவர் எழுதிய மற்றொரு சிறு நூல் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. கிரகணச் சூரியனின் ஒளி ஒரு துளை வழியே இருண்ட அறைக்குள் விழும்போது, எதிர்ச் சுவரில் பிறை வடிவம் தோன்றுகிறது. துளை சிறியதாக இருந்தால்தான் பிறை பிறையாகத் தெரியும். துளை பெரிதானால் வடிவம் கலைந்து துளையின் உருவமே சுவரில் விழும் என்று அவர் விளக்கினார். சிறு துளையில் வடிவம் உண்டு, ஒளி குறைவு. பெருந்துளையில் ஒளி உண்டு, வடிவம் இல்லை. இந்த இழுபறிதான் கேமராவின் முழு வரலாறும். துளையைப் பெரிதாக்கியும் வடிவம் கெடாமல் காக்கும் தந்திரமாகவே லென்ஸ் பின்னாளில் வந்து சேர்ந்தது.

இன்றைய கேமராவில் எதிர்ச் சுவரின் இடத்தில் சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு இருக்கிறது. திருமணங்களில் புகைப்படக்காரர் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் பெரிய கேமராக்களில் முழு அளவுத் தகடு 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். கைப்பேசிகளில் நெடுங்காலம் வழங்கிய தகடு ஏறத்தாழ 24 சதுர மில்லிமீட்டர்தான். சிறு விரல் நகத்திலும் குறைவு. இரண்டிலும் 12 மெகாபிக்ஸலே இருக்கட்டும். பெரியதில் உள்ள ஒவ்வொரு புள்ளியின் பரப்பும் சிறியதில் உள்ளதைப் போல 36 மடங்கு. எண் ஒன்றே; விளைவு வேறு.

தகட்டைப் பெரிதாக்காமல் எண்ணை மட்டும் ஏற்றினால் என்ன நேரும்? ஒவ்வொரு புள்ளியும் சிறுக்கும். 2018-ஐ ஒட்டி வந்த 48 மெகாபிக்ஸல் தகடுகளில் ஒரு புள்ளியின் அகலம் 0.8 மைக்ரான், 2021-இல் சாம்சங் அறிவித்த 200 மெகாபிக்ஸல் தகட்டில் 0.64 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லென்ஸோ, எத்துணைச் சிறந்ததாயினும், ஒரு நுண்ணிய ஒளியைப் புள்ளியாகக் குவிப்பதில்லை. ஒளி அலையின் இயல்பால் அது ஒரு சிறு வட்டமாகவே விழும். கைப்பேசி லென்ஸ்களில் பரவலாகக் காணப்படும் எஃப் 1.8 அளவுக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2.4 மைக்ரான். 0.64 மைக்ரான் புள்ளிகளில் நான்கை அடுக்கினால்தான் அந்த ஒரு வட்டத்தின் குறுக்கே எட்டும். தடித்த கோரையும் நெருக்கிய நூலும் என்று முன்னர் சொன்னது இதைத்தான்.

இதனால் பாதிக்கப்படுவது எந்தப் படம் தெரியுமா? நண்பகல் வெயிலில் எடுக்கும் படம் அன்று. இஷாவுக்குப் பின் டியூப் லைட் வெளிச்சத்தில் நடக்கும் நிக்காஹ் மஜ்லிஸ், இரவில் பாட்டியின் மடியில் உறங்கும் பேரன், ஸஹர் நேரத்து அடுக்களை என நம் மனத்துக்கு நெருக்கமான காட்சிகள் எல்லாம் மங்கிய ஒளியில் நிகழ்பவை. ஒளி போதாத சிறு புள்ளிகள் தரும் படத்தில் மணலைத் தூவியது போன்ற இரைச்சல் தோன்றும். கைப்பேசி அதைத் துடைக்கப் புகுந்து, முகத்தின் ரேகைகளையும் சேர்த்துத் துடைத்து, மெழுகு பொம்மையாக்கிவிடும்.

நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. அதனால்தான் ஒரு வேலை செய்கின்றன. 48 மெகாபிக்ஸல் கைப்பேசியில் அருகருகே உள்ள நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் படம் தருகின்றன. நான்கில் ஒரு பங்கு 12. 108 மெகாபிக்ஸல் கைப்பேசிகள் பலவற்றில் ஒன்பது புள்ளிகள் ஒன்றாகும். ஒன்பதில் ஒரு பங்கு 12. 200-இல் பதினாறு புள்ளிகள் ஒன்றாகும், கிடைப்பது பன்னிரண்டரை. எந்த எண்ணுக்குக் காசு கொடுத்தாலும், பொத்தானை அழுத்தியவுடன் வழக்கமாகக் கைக்கு வருவது 12-ஐ ஒட்டிய படமே! முழு எண்ணில் எடுக்க வேண்டுமானால் கேமராவுக்குள் சென்று அதற்குரிய முறையைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒருமுறையேனும் அதைத் தொட்டிருப்பர் என்பது ஐயமே. இத்தகைய தகடுகளில் நான்கு அல்லது ஒன்பது அண்டைப் புள்ளிகளுக்கு ஒரே நிற வடிகட்டி போர்த்தப்பட்டிருப்பதால், முழு எண்ணில் எடுத்தாலும் நிறத்தின் நுணுக்கம் அந்த அளவுக்கு உயர்வதில்லை.

இதைச் சூழ்ச்சி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. இந்தச் சேர்ப்பு முறையை நேர்மையாகச் சொல்லி விற்ற கைப்பேசியும் உண்டு. 2012-இல் நோக்கியா வெளியிட்ட 808 பியூர்வியூவில் 41 மெகாபிக்ஸல் தகடு. ஆனால் பல புள்ளிகளைத் திரட்டி 5 அல்லது 8 மெகாபிக்ஸல் படமாகத் தருவதே அதன் சிறப்பு என்று அந்நிறுவனமே அறிவித்தது. அதன் தகடும் அக்காலக் கைப்பேசிகளினும் பன்மடங்கு பெரியது.

திருப்பெரும்புதூர் சொல்லும் பாடம்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் திருப்பெரும்புதூர். அங்கே 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. அவ்வட்டாரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2020-இல் ஐபோன் 11 தயாரிக்கத் தொடங்கினார்கள். நம் பகுதிச் சாலைகளில் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகளைக் காணாதவர் இலர். அந்த ஐபோன் 11-இன் கேமரா எத்தனை மெகாபிக்ஸல்? பன்னிரண்டு. 2019-இல் இந்தியாவில் அதன் தொடக்க விலை ரூ.64,900. 2021 மார்ச்சில் வந்த ரெட்மி நோட் 10 புரோ மேக்ஸ் 108 மெகாபிக்ஸல். தொடக்க விலை ரூ.18,999. எண்ணே தரம் என்றால் இவ்விரு விலைகளும் இடம் மாறியிருக்க வேண்டும். விலையில் பெயருக்கும் பெருமைக்கும் உரிய பங்கு உண்டு என்பது உண்மையே. ஆயினும், 2015 முதல் 2021 வரை ஏழு ஆண்டுகள் ஆப்பிள் நிறுவனம் முதன்மைக் கேமராவை 12-லேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, தகட்டையும் லென்ஸையும் கணிப்பு முறையையும் மேம்படுத்தி வந்தது. 2022-இல்தான் ஐபோன் 14 புரோவில் 48-க்கு ஏறியது. அப்போதும் வழக்கமாக வந்த படம் 12.

பெரிய கேமராக்களிலும் இதே கதைதான். சோனி நிறுவனம் 2013-இல் ஏ7ஆர் என்று 36 மெகாபிக்ஸலும், 2014-இல் ஏ7எஸ் என்று 12 மெகாபிக்ஸலும் கொண்ட இரண்டு கேமராக்களை வெளியிட்டது. தகட்டின் பரப்பு இரண்டிலும் ஒன்றே. இருட்டில் எடுப்பதற்கென்றே வந்த 12 மெகாபிக்ஸல் கேமராவின் விலைதான் கூடுதலாக இருந்தது.

மலிவான கைப்பேசிகளின் முதுகில் மூன்று, நான்கு கண்கள் இருப்பதையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவற்றில் ஒன்றிரண்டு 2 மெகாபிக்ஸல் துணைக் கேமராக்களாக, ஒப்புக்கு வைத்தவையாகவே இருக்கும். கண்களை எண்ணி வாங்குவது எம்.பி.யை எண்ணி வாங்குவதிலும் பேதைமை.

அவ்வாறெனில் கடையில் எதைக் கேட்பது? தகட்டின் அளவைக் கேளுங்கள். அது 1/1.56, 1/2.76 என்று பின்னத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கீழே உள்ள எண் சிறுத்தால் தகடு பெரிது. கை நடுக்கத்தைத் தாங்கும் ஓ.ஐ.எஸ். அமைப்பு உண்டா என்று கேளுங்கள். மங்கிய ஒளியில் அதன் பயன் பெரிது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கைப்பேசியை வாங்கி, மேசையின் அடியில் உள்ள இருண்ட மூலையையும் உடன் வந்தவரின் முகத்தையும் ஒவ்வொரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விளம்பரத் தாள் ஒரு மணி நேரம் பேசினாலும் சொல்லாததை அந்த இரு படங்கள் சொல்லிவிடும்.

தெருவுக்கும் பள்ளிவாசல் வாயிலுக்கும் கண்காணிப்புக் கேமரா வைப்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் ஊக்குவித்ததை ஒட்டி, 2018 வாக்கில் நம் புறநகர்த் தெருக்களிலும் இவை பெருகின. எட்டு மெகாபிக்ஸல் கேமராவை உயரத்தில் கட்டித் தெரு முழுவதையும் ஒரே பார்வையில் அடைத்தால், இரவில் விரைந்து செல்லும் வண்டியின் எண் வெறும் வெள்ளைக் கீற்றாகவே பதியும். வாயிலை மட்டும் நோக்கி, விளக்கின் கீழ், தாழ்வாக வைத்த 2 மெகாபிக்ஸல் கேமரா அதனினும் நன்கு உதவும். கேமராவுக்குக் கூட்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு விளக்கு வாங்கி மாட்டலாம்.

எண் உதவும் இடம்

இவ்வளவும் சொன்னதனால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் நடுவே அமர்ந்திருக்கும் பறவையைக் கரையிலிருந்து எடுத்து, அதை மட்டும் வெட்டிப் பெரிதாக்க விரும்பினால், நல்ல வெயிலில் கூடுதல் புள்ளிகள் கைகொடுக்கும். ஆனால், நம் இல்லங்களுக்கு அதனினும் முக்கியமான ஒரு பயன் உண்டு. அது பழைய ஆவணங்களைப் படியெடுத்தல்.

நிக்காஹ் தஃப்தர், வக்ஃபுப் பத்திரம், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பாட்டனார் எழுதிய கடிதம், அரபுத் தமிழில் எழுதப்பட்ட கையேடு ஆகியவை பல வீடுகளில் தகரப் பெட்டியில் கரையான் வாய்க்குக் காத்திருக்கின்றன. வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றுவதற்கென ஒன்றிய அரசு 2025 ஜூன் 6 அன்று ‘உமீத்’ இணையத்தளத்தைத் தொடங்கியபோது, பழைய தாள்களைத் தேடி எடுத்துப் படியெடுக்க வேண்டிய தேவை முத்தவல்லிகளுக்கு நேர்ந்தது. இலங்கை மலாய் முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்த கையெழுத்து நூல்கள், பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் படமெடுக்கப்பட்டு, இன்று இணையத்தில் காணக் கிடைக்கின்றன. அதுபோன்ற திட்டம் நம் வாசலுக்கு வரும்வரை பெட்டியில் உள்ள தாள் காத்திருக்காது.

நூலகங்கள் ஆவணத்தின் ஓரங்குலத்துக்குக் குறைந்தது 300 புள்ளிகளேனும் வேண்டும் என்று கருதுகின்றன. பழைய பத்திரங்களின் ஃபுல்ஸ்கேப் தாள் பதின்மூன்றரை அங்குல நீளம் உடையது. 12 மெகாபிக்ஸல் படத்தின் நீளவாட்டில் உள்ள 4000 புள்ளிகளை அதற்குப் பங்கிட்டால் ஓரங்குலத்துக்கு 296. ஏறத்தாழ நிறைவான அளவு. ஆனால், இரண்டடி நீளமுள்ள நில வரைபடத்துக்கு அதே 4000 புள்ளிகளைப் பங்கிட்டால் 166-தான் வரும். மங்கிய மையில் எழுதிய சர்வே எண்கள் கரைந்துவிடும். இங்கேதான் 50 மெகாபிக்ஸல் முறையைத் தேடி அழுத்த வேண்டும். அதன் நீளவாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஓரங்குலத்துக்கு 300-க்கு மேல் கிடைக்கும். அம்முறை இல்லாத கைப்பேசி என்றால் வரைபடத்தை நான்கு பகுதிகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்துக்கொள்ளலாம்.

எடுப்பதைக் காலை பத்து மணி அளவில், வெயில் நேரே விழாத ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, ஃபிளாஷை அணைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடிக்க வேண்டும். இரண்டு விநாடி தாமதித்து எடுக்கும் முறையை வைத்தால் விரல் பட்ட அதிர்வு படத்தில் ஏறாது. அருகில் ஓர் அடிக்கோலை வைத்து எடுத்தால் தாளின் உண்மையான அளவு என்றும் தெரியும். எடுத்த படத்தை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாமல் போய்ச் சேரும். மூலத் தாளைப் பாதுகாப்பதாக எண்ணி லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரித்தெடுக்க முயன்றால் தாளும் சேர்ந்து கிழிந்துவிடும். பத்திரத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவரின் கையெழுத்தும் தேதியும், சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.